நர்ஸ் தொழிலும் அதன் தடைகளும்

(காஞ்சீபுரத்தில் கூடிய கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



கடன், தவணை, வட்டி, பாக்கி என்னும் நான்கு வார்த்தைகளைத் தவிர வேறொன்றும் பேசியறியாத ஓர் இன்ஸ்பெக்டர் இன்று நர்ஸ் தொழிலைப் பற்றிப் பேச எழுந்திருப்பது உங்களில் பலருக்கு ஆச்சரியமாயிருக்கலாம். நான் வைத்தியனல்லன். மெட்ரிகுலேஷன் வரையில் படித்து, இலாகாவில் சேர்ந்து, சங்கங்களின் கணக்குகளைப் பார்த்துக் காலங்கழிக்கிறவன். இவ்விஷயமும் என்னிடம் ஆஸ்பத்திரியின் வழியாக வரவில்லை. ஒரு சங்கத்தின் கடன் பேரேட்டின் வழியாகவே வந்தது. அது வந்த விதத்தை முதலில் சொல்லிவிட்டு, பிறகு பொதுவான சங்கதிகளுக்குச் செல்லுகிறேன்.

ஒரு கடன் மனு

சில வருஷங்களுக்கு முன் நான் பரிசீலனை செய்துவந்த ஒரு சங்கத்தில், ஒரே நாளில் இரண்டு மனுக்கள் நிர்வாக சபையின் முன் வந்தன. ஒன்று, புதிதாகத் தறி வாங்குவதற்கு. மற்றொன்று, பட்டு நெசவாளர் ஒருவர் தம்முடைய இரண்டாவது பெண்ணை நர்ஸ் படிப்பில் சேர்ப்பதற்கு. தறி மனுவின்மேல் அரைமணி நேரம் விசாரணை நடந்தது. தறி எந்த ஊரில் செய்தது, மரம் என்ன மரம், ஜக்கார்டு பெட்டி புதியதா பழையதா, விற்பவர் நம்பிக்கையுள்ளவரா என்றெல்லாம் சபையார் துருவித் துருவிக் கேட்டார்கள். இரண்டாவது மனு வந்தபோது சபையாரில் ஒருவர், "பெண்பிள்ளையை இந்த வேலைக்கா அனுப்பப் போகிறீர்?" என்று மட்டும் கேட்டார். நெசவாளர், "நான் காலைத் தொங்கவிட்ட தறிக்குழியில் அவளும் இறங்க வேண்டாம், ஐயா" என்றார். அதற்குமேல் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பங்குத் தொகையும் ஜாமீனும் சரியாயிருக்கின்றனவா என்று நான் பார்த்தேன். சரியாகவே இருந்தன. பள்ளிக்கூடம் எது, அதற்கு அங்கீகாரம் உண்டா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கடன் கொடுக்கப்பட்டது.

மூன்று வருஷங்களுக்குப் பின், தவணை தவறியவர்களின் ஜாபிதாவில் அந்நெசவாளரின் பெயரைக் கண்டேன். நாணயமுள்ள மனிதராயிற்றே என்று நேரில் அவர் வீட்டுக்குப் போனேன். அப்பொழுதுதான் அந்தப் பெண் இரவு வேலை முடிந்து வெள்ளை உடுப்போடு வந்து சேர்ந்திருந்தாள். படிப்பு முடிந்ததா என்று கேட்டேன். உள்ளே போய்க் கண்ணாடிச் சட்டமிட்ட ஒரு சர்ட்டிபிகேட்டைக் கொண்டுவந்து காட்டினாள். அதைப் பதிவு செய்துகொள்ளச் சென்னைக்குப் போனபோது, அப்பள்ளிக்கூடம் அங்கீகாரம் பெற்றதன்று, ஆகையால் பெயரை ரிஜிஸ்தரில் சேர்க்க இயலாது என்று சொல்லிவிட்டார்களாம். சர்க்கார் ஆஸ்பத்திரி வேலைக்கு மனுச் செய்யவே அவளுக்கு யோக்கியதை இல்லை. தனியார் வைத்தியசாலை ஒன்றில் நர்ஸ் என்ற பெயரோடு சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்த்துவந்தாள். இரவில் முப்பது நோயாளிகளுக்கு அவளும் அவளைப் போன்ற இன்னொரு பெண்ணுமே காவல்.

அவள் சொன்ன ஒரு வார்த்தையை நான் இன்றுவரை மறக்கவில்லை. "ஐயா, எனக்குத் தெரியாத மருந்தை ஊசியில் ஏற்றச் சொல்லும்போது கை நடுங்குகிறது. தெரியாது என்று சொன்னால் நாளைக்கு வேலை இராது" என்றாள். தவணை கேட்கப் போன நான், கேளாமலே திரும்பி வந்தேன். கணக்கில் குற்றமில்லை, ஆனால் அந்தக் கடனில் எனக்கும் ஒரு பங்கு குற்றமுண்டு என்று தெரிந்துகொண்டேன்.

தெரியாததைத் தெரியாது என்றும், கூடாததைக் கூடாது என்றும் சொல்லும் திறமும் உரிமையும் ஒரு நர்ஸுக்கு எவற்றால் உண்டாகின்றன, அவற்றை அவள் பெறவொட்டாமல் தடுப்பவை யாவை என்பதே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள்.

தொழிலுக்குரிய இலக்கணம்

இதை நம் ஊர்ப் பட்டைக்கொண்டே விளங்கிக்கொள்ளலாம். காஞ்சீபுரத்துப் பட்டுச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு வர்ணமாயிருக்க, இரண்டையும் கோர்வை போட்டு ஒன்றாக்கும் வேலை பார்க்கச் சுலபமாய்த் தோன்றும். செய்யப் புகுந்தவனுக்கே அதன் கஷ்டம் தெரியும். வருஷக்கணக்காகத் தறியில் உட்கார்ந்து கற்கிறோம். ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று சோதித்து வாங்குகிறோம். கண்ட இடத்தில் நெய்த சேலைக்கு நம் ஊர்ப் பெயரை வைத்து விற்கலாகாதென்று 2005-ம் வருஷத்தில் புவிசார் குறியீடு பெற்றோம். கற்ற கை, சோதனை, பதிவான பெயர், கூலி ஆகிய நான்கும் சேர்ந்தே காஞ்சீபுரம் பட்டு ஒரு தொழிலாக நிலைத்திருக்கிறது. இவற்றில் ஒன்று போனாலும் மற்ற மூன்றும் நாளடைவில் போய்விடும்.

நர்ஸ் தொழிலும் அத்தன்மையதே. முறையான பயிற்சி, பரீட்சை, ரிஜிஸ்தரில் பெயர், ஜீவனத்துக்குப் போதிய சம்பளம், இவற்றின் பலத்தால் தன் புத்தியைக்கொண்டு முடிவு செய்யும் பொறுப்பு ஆகியவை அதன் அங்கங்கள். நர்ஸென்றால் டாக்டர் எழுதிய மாத்திரையை எடுத்துக் கொடுப்பவள் என்று நாம் நினைக்கிறோம். பிரசவமான ஸ்திரீக்கு உதிரப்பெருக்கு உண்டானால், ஓரிரண்டு மணி நேரத்துக்குள் பிராணன் போய்விடக்கூடும். நடுநிசியில் அதை முதலில் காண்பவள் நர்ஸே. நாடியைப் பார்த்து, உதிரத்தின் அளவை மதித்து, கருப்பை சுருங்கும்படி வயிற்றைப் பிடித்துவிட்டு, உரிய ஊசியைப் போட்டு, டாக்டரை எழுப்புவதா, ஆம்புலன்ஸை அழைப்பதா என்று கணத்தில் தீர்மானிக்க வேண்டியவளும் அவளே. அந்தக் கணத்தில் அவள் கற்றவளா அல்லவா என்பது ஒரு குடும்பத்தின் தலைவிதி.

தொழிலாக வளர்ந்த வரலாறு

இங்கிலாந்தில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1860-ம் வருஷத்தில் லண்டன் ஸெயிண்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். நம் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1871-ல் பயிற்சி ஆரம்பமாயிற்று. நர்ஸுகளுக்குச் சட்டப்படி ரிஜிஸ்தர் வேண்டுமென்று முதலில் தேசமளாவிய சட்டம் செய்தது நியூஜீலாந்து, அது 1901-ல். இங்கிலாந்து 1919-ல் செய்தது. ஏழே வருஷங்களில், 1926-ல், சென்னை ராஜதானியில் நர்ஸுகள், மருத்துவச்சிகள் சட்டம் ஏற்பட்டது. இந்திய நர்ஸிங் கவுன்சில் சட்டம் 1947-ல் வந்தது. அதன் ஸ்தானத்தில் புதிய கமிஷன் ஒன்றை ஏற்படுத்தப் பார்லிமெண்டு 2023-ல் மற்றொரு சட்டம் நிறைவேற்றியது.

நமக்கு அண்டையிலுள்ள வேலூரின் கதையும் கேட்கத்தக்கது. ஐடா ஸ்கட்டர் அம்மையார் இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் தம் தகப்பனாரோடு இருந்தபோது, ஓரிரவில் மூன்று வீட்டார் பிரசவ வேதனைக்கு உதவி தேடி வந்தார்கள். வைத்தியரான தகப்பனார் போகத் தயாராயிருந்தும், ஆண்பிள்ளை வரலாகாதென்று அம்மூவரும் மறுத்துவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அதனால் மனம் மாறி வைத்தியம் படித்துவந்த அவ்வம்மையார், 1909-ல் வேலூரில் நர்ஸ் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1946-ல் அது கல்லூரியாகி, நர்ஸ் படிப்புக்குச் சர்வகலாசாலைப் பட்டம் அளிக்கத் தேசத்தில் முதன்முதல் முன்வந்த இரண்டு ஸ்தாபனங்களில் ஒன்றாயிற்று. மற்றொன்று டில்லியில் உள்ளது.

அதே 1946-ல் வெளிவந்த ஸர் ஜோஸப் போர் கமிட்டியின் அறிக்கை, தேசம் முழுவதற்கும் சுமார் 7,000 நர்ஸுகளே உண்டென்றும், 43,000 ஜனங்களுக்கு ஒரு நர்ஸ் வீதமே ஆகிறதென்றும் கணக்குக் காட்டியது. அதற்குப் பின் தொகை வெகுவாக உயர்ந்துவிட்டது. நம் மாகாணத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்ஸுகள் வீதம் நியமித்து, இரவும் பகலும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு செய்ததனால், கிராமத்துப் பெண்கள் அச்சமின்றி அங்கே போகலானார்கள். இன்று கிட்டத்தட்ட எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலைகளிலேயே நடக்கின்றன. 2019-ல் நம் ஊரில் அத்திவரதர் 48 நாள் தரிசனம் தந்தபோது, கூட்டத்தில் மயங்கி விழுந்தவர்களை வைத்திய முகாம்களில் ஏந்திக்கொண்டவர்களில் நர்ஸுகள் எத்தனை பேர் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

தொகை உயர்ந்தது, தொழிலின் நிலை அவ்வளவுக்கு உயரவில்லை. ஏன்? தடைகளை ஒவ்வொன்றாகச் சொல்லுகிறேன்.

முதல் தடை: நம் மனத்திலுள்ள தீட்டு

நம் கிராமங்களில் பரம்பரையாகப் பிரசவம் பார்த்தவர்கள் பெரும்பாலும் மருத்துவர் குலத்துப் பெண்கள். அவர்கள் கையில் பிள்ளை பெற்றுக்கொண்ட வீடுகளே, தீட்டுக் கழிந்ததும் அவர்களைத் திண்ணைக்கு அப்பால் நிறுத்தின. இரத்தத்தையும் மலத்தையும் தொடும் வேலை இழிவானது என்ற இந்த எண்ணம் ஆஸ்பத்திரிக்குள்ளும் நுழைந்தது. வெகுகாலம் நர்ஸ் பயிற்சிக்கு வந்தவர்களில் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் கிறிஸ்தவப் பெண்களுமே அதிகம். மற்றவர்கள் தங்கள் பெண்களை அனுப்பவில்லை. இன்று அனுப்புகிறோம். ஆயினும் கலியாணப் பேச்சு வரும்போது, "இராத்திரி வேலைக்குப் போகிற பெண்ணாமே" என்று முகத்தைச் சுளிக்கிறோம். அதே பெண் வெளிதேசத்திலிருந்து பணம் அனுப்பினால் மட்டும் முகம் மலருகிறது.

உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் வெளியிட்ட கணக்கின்படி உலகமெங்கும் 2 கோடியே 79 லக்ஷம் நர்ஸுகள் இருந்தனர்; இன்னும் 59 லக்ஷம் பேர் வேண்டியிருந்தது. பத்தில் ஒன்பது பேர் ஸ்திரீகள். ஸ்திரீகள் செய்யும் வேலைக்கு எங்கும் மதிப்புக் குறைவென்பதும் இத்தடையின் ஒரு கிளையே.

இரண்டாவது தடை: போலிப் பயிற்சி

நான் சொன்ன நெசவாளரின் பெண் இத்தடையிற் சிக்கியவள். வெள்ளை உடுப்பும் ஒரு சர்ட்டிபிகேட்டும் கொடுத்துவிட்டால் நர்ஸ் ஆகிவிடலாம் என்று விளம்பரம் செய்து, அங்கீகாரமின்றி நடத்தப்படும் பயிற்சிக்கூடங்கள் பல. அவை நோயாளிகளுக்குச் செய்யும் தீங்கு பெரிது. படிக்கவந்த ஏழைப் பெண்களுக்குச் செய்யும் தீங்கு அதனினும் பெரிது. மூன்று வருஷம் படித்துப் பதிவு பெற்ற நர்ஸுக்குக் கொடுக்கவேண்டிய சம்பளத்தில் இப்படிப்பட்ட இருவரை வைத்துக்கொள்ளலாம் என்று கணக்கிடும் வைத்தியசாலைகள் இருக்கும் வரையில், இக்கூடங்களுக்குக் கிராக்கி குறையாது. பதிவுபெற்ற நர்ஸின் கூலியும் இதனால் இறங்கிப்போகிறது. விசைத்தறிச் சேலை கைத்தறியென்ற பெயரில் விற்கப்பட்டால் நம் கூலி என்னாகும் என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

மூன்றாவது தடை: சம்பளம்

நர்ஸைத் தெய்வமென்று சொல்லிவிட்டால் சம்பளம் கொடுக்க வேண்டாமென்று நம்மவர் நினைக்கிறாற்போலத் தோன்றுகிறது. இந்தியப் பயிற்சிபெற்ற நர்ஸுகள் சங்கம் 1908-ல் ஸ்தாபிக்கப்பட்டது. அச்சங்கம் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 2016-ல் பிறப்பித்த உத்தரவின்மேல் ஒரு கமிட்டி நியமிக்கப்பட்டது. 50 படுக்கைகளுக்குக் குறைந்த தனியார் வைத்தியசாலையிலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது, 200 படுக்கைகளுக்கு மேற்பட்டால் சர்க்கார் நர்ஸுக்குச் சமமாகக் கொடுக்கவேண்டும் என்று அக்கமிட்டி சிபார்சு செய்தது. சிபார்சைச் சட்டமாக்கிச் செலுத்துவது மாகாணங்களின் கையில் விடப்பட்டது. பல இடங்களில் அது காகிதத்தோடு நின்றுவிட்டது.

சர்க்கார் வேலையிலும் குறையில்லாமலில்லை. 2015-ல் பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட நர்ஸுகள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலைக்கு வந்தார்கள். இரண்டு வருஷத்தில் நிரந்தரமாவோம் என்று நம்பியிருந்தவர்கள், 2017 நவம்பரில் ஆயிரக்கணக்காகச் சென்னை தேனாம்பேட்டையில் உட்கார்ந்து கிளர்ச்சி செய்யும்படியாயிற்று. 2020 மார்ச்சு 22-ந் தேதி மாலையில் நாமெல்லாரும் வாசலில் நின்று வைத்திய ஊழியருக்காகக் கைதட்டினோம். கொரோனா காலத்தில் தாற்காலிகமாக எடுக்கப்பட்ட நர்ஸுகள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-ந் தேதியோடு முடிக்கப்பட்டபோது, அன்று கைதட்டிய நம்மில் எத்தனை பேர் அதை அறிந்தோம்?

நான்காவது தடை: வேலைப் பளுவும் வாய்ப்பூட்டும்

பொது வார்டில், வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரியாயின் மூன்று நோயாளிகளுக்கு ஒருவர், மற்ற ஆஸ்பத்திரியாயின் ஐந்து நோயாளிகளுக்கு ஒருவர் வீதம் நர்ஸ் இருக்கவேண்டுமென்பது இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்த அளவு. இரவு வார்டுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு நிலைமை தெரியும். நாற்பது படுக்கைகளுக்கு நடுவே ஓடும் ஒருத்தி நாடி பார்ப்பாளா, மருந்துக் கணக்கு எழுதுவாளா, துணி எண்ணுவாளா? குமாஸ்தா வேலையும் சாமான் காவலும் அவள் தலையிலேயே விழுகின்றன.

அன்றியும், இருபது வருஷம் வேலை பார்த்த நர்ஸ், "டாக்டர், இந்த அளவு அதிகமாயிருக்கிறதே" என்று சொல்லத் தயங்குகிறாள். சொன்னால் அதிகப்பிரசங்கி என்ற பெயர் வரும். தறியில் இழை அறுந்ததைப் பக்கத்திலிருக்கும் சிறுவன் கண்டு சொன்னால் நாம் கோபிப்பதில்லை. சேலை பிழைத்ததென்று சந்தோஷப்படுகிறோம். ஒரு பிராணன் பிழைப்பதில் அந்தப் பெருந்தன்மை இல்லாமற்போவது விசனகரமானது. இயல்பான பிரசவங்களை நன்கு பயின்ற மருத்துவ நர்ஸுகளே தம் பொறுப்பில் நடத்தலாமென்று இந்திய சர்க்கார் 2018-ல் வழிமுறைகள் வெளியிட்டது நல்ல ஆரம்பம்.

ஐந்தாவது தடை: பாதுகாப்பின்மை

பம்பாய் கே. ஈ. எம். ஆஸ்பத்திரியில் அருணா ஷான்பாக் என்ற நர்ஸ், 1973 நவம்பரில் வேலை முடிந்து கீழ்த்தளத்தில் உடுப்பு மாற்றிக்கொள்ளும்போது, அங்கேயே வேலைசெய்த ஒருவனால் கொடூரமாகத் தாக்கப்பட்டார். அறிவு தெளியாமலே 42 வருஷம் அதே ஆஸ்பத்திரியில் படுத்திருந்து, 2015 மே மாதத்தில் காலமானார். உடுப்பு மாற்றப் பத்திரமான ஓர் அறை இல்லாததன் விலை ஒரு முழு ஜீவியம். ஆனால் இக்கதைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அந்த 42 வருஷமும் அவரைக் கவனித்துக்கொண்டவர்கள் அங்கிருந்த நர்ஸுகளே. ஒரு தலைமுறை ஓய்வு பெற்றுப்போக, அவரைப் பார்த்தறியாத மறுதலைமுறை வந்து அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி வளர்த்தது. அவர்களுடைய சேவையைச் சுப்ரீம் கோர்ட்டே 2011-ல் புகழ்ந்து எழுதியது. தொழில் தர்மம் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல வியாக்கியானம் நான் அறியேன்.

நர்ஸுகளின் கடமை

நர்ஸுகளிடத்தில் குற்றமே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. பிரசவ வேதனையில் அலறும் பெண்ணை அதட்டுவதும், பிறந்தது ஆணா பெண்ணா என்று சொல்லக் காசு எதிர்பார்ப்பதும் சில இடங்களில் நடப்பதை மறைக்கவேண்டியதில்லை. நோயாளியின் இரகசியத்தைக் காப்பதும், படிப்பை வருஷந்தோறும் புதுப்பித்துக்கொள்வதும், செல்வரையும் ஏழையையும் ஒன்றாய்ப் பார்ப்பதும் அவர்கள் கடமை. ஆனால் ஒன்று கவனியுங்கள். ரிஜிஸ்தரில் பெயருள்ள நர்ஸ் தவறினால் கவுன்சிலுக்கு எழுதலாம். விசாரணை செய்து பெயரை நீக்கலாம். ரிஜிஸ்தரிலேயே இல்லாதவளை எதிலிருந்து நீக்குவது? நர்ஸ் தவறாக நடவாமலிருக்க வேண்டுமென்று விரும்புகிறவர்களே, பதிவுபெற்ற நர்ஸுதான் வேண்டுமென்று முதலில் கேட்கவேண்டும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

இவையெல்லாம் சர்க்காரின் வேலை, சங்கத்துக்கு இதில் என்ன இருக்கிறது என்று எண்ணாதீர்கள். இத்தேசத்தில் முதல் கிராமக் கடன் சங்கம் பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் 1904-ல் ஏற்பட்டது. முதல் நகரக் கடன் சங்கம் அவ்வருஷம் அக்டோபரில் இந்தக் காஞ்சீபுரத்திலேயே பதிவாயிற்று. லேவாதேவிக்காரரிடம் அகப்பட்டுத் தவித்தவர்கள் தங்கள் கையாலேயே வழி கண்ட ஊர் இது. குஜராத்தில் ஸேவா ஸ்தாபனத்தைச் சேர்ந்த சுகாதார ஊழியர்களும் மருத்துவச்சிகளும் 1990-ல் லோக ஸ்வாஸ்த்ய என்னும் பெயரால் தங்களுக்கென்றே ஒரு சுகாதாரக் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். ஆகையால் நம்மாலாகக்கூடியவற்றை மட்டும் சொல்லுகிறேன்.

1. நர்ஸ் படிப்புக்குக் கடன் மனு வந்தால், தறிக்குக் கேட்பதுபோலவே கேளுங்கள். பள்ளிக்கூடம் தமிழ்நாடு நர்ஸுகள், மருத்துவச்சிகள் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்றதா? இந்திய நர்ஸிங் கவுன்சிலின் ஜாபிதாவில் உண்டா? பட்டப்படிப்பானால் தமிழ்நாடு டாக்டர் எம். ஜி. ஆர். வைத்தியச் சர்வகலாசாலையோடு இணைந்ததா? படித்து முடித்தால் எந்த ரிஜிஸ்தரில் பெயர் ஏறும்? பதிலை எழுத்தில் வாங்கி மனுவோடு சேர்த்துவையுங்கள்.

2. துணை நர்ஸ் மருத்துவச்சிப் படிப்பு இரண்டு வருஷம், டிப்ளமோப் படிப்பு மூன்று வருஷம், பட்டப்படிப்பு நான்கு வருஷம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் நர்ஸாக்குகிறோம் என்பவன் உங்கள் பெண்ணை ஆக்கப்போவது நர்ஸல்ல.

3. படிக்கும் காலத்தில் தவணை கேளாமல், வேலை கிடைத்தபின் வசூலிக்கும்படி கடனை அமைக்கலாம். பைலாக்கள் இடங்கொடுக்குமாயின் பொது நன்மை நிதியிலிருந்து புஸ்தகங்களுக்கு உதவலாம்.

4. உங்கள் ஊர்த் துணைச் சுகாதார நிலையத்துக்கு வரும் நர்ஸ் எந்தக் குலத்தவராயினும் குடியிருக்க நல்ல வீடு கொடுங்கள். அந்நிலையத்தின் வாசலுக்கு விளக்கும், கதவுக்குத் தாழும், தண்ணீரும் உண்டா என்று பஞ்சாயத்தில் கேளுங்கள்.

5. தனியார் வைத்தியசாலைக்குப் போனால், இரவில் இருக்கும் நர்ஸ் பதிவுபெற்றவரா என்று மரியாதையாக விசாரியுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது நாள் அவர்களே பதிவுபெற்றவரைத் தேடுவார்கள்.

6. நர்ஸை "ஏ பெண்ணே" என்று அழைக்காதீர்கள். சிஸ்டர் என்றோ, அம்மா என்றோ அழைப்பதற்குச் செலவொன்றுமில்லை.

முடிவுரை

அந்த நெசவாளரின் பெண்ணைப் பற்றி நீங்கள் அறிய விரும்பலாம். நான் அடுத்த கூட்டத்தில் நடந்ததைச் சபையாருக்குச் சொல்லி, விசாரிக்கத் தவறியது என் குற்றமென்றும் ஒப்புக்கொண்டேன். பழைய கடன் நிலுவையிலிருக்கும்போது புதுக்கடன் எப்படிக் கொடுப்பது என்று வெகுநேரம் வாதம் நடந்தது. முடிவில் பழைய பாக்கிக்குக் கெடு நீட்டி, அங்கீகாரத்தை விசாரித்து எழுத்தில் பெற்றபின், துணை நர்ஸ் மருத்துவச்சிப் படிப்புக்குச் சிறு தொகை அநுமதித்தார்கள். "இந்த வேலைக்கா" என்று முன்பு கேட்ட அங்கத்தினரே இம்முறை ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அப்பெண் இப்பொழுது இரண்டாவது வருஷம் படிக்கிறாள். தகப்பனார் இன்னும் தறிக்குழியில்தான் இருக்கிறார். பழைய கடனிலும் பாக்கி இருக்கிறது.

சென்ற மாதம் அவளைக் கண்டபோது, "இப்பொழுது கை நடுங்குகிறதா, அம்மா?" என்று கேட்டேன். "தெரியாததைத் தெரியாது என்று சொன்னால், எங்கள் டீச்சர் கோபிக்கிறதில்லை, ஐயா. உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள்" என்றாள்.

உங்கள் சங்கங்களின் முன் இனி இப்படிப்பட்ட மனு வரும்போது, என்னைப்போல் ஜாமீனை மட்டும் பார்த்து விட்டுவிடாமல் பள்ளிக்கூடத்தையும் விசாரிப்பீர்களென்று நம்பி என் பிரசங்கத்தை முடித்துக்கொள்ளுகிறேன்.